முத்திரை குத்தும் முன்: இணையத்தில் அரசியல் பேசப் புதிதாக வருகிறவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் என் கல்லூரி நண்பன் ஒருவன், கோயில்களை அறநிலையத் துறையின் கையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று முகநூலில் நீளமாக எழுதியிருந்தான். நான் கீழே ஒரே ஒரு வரி போட்டேன்: “கடைசியில் நீயும் சங்கிதானா?” அரை மணி நேரத்தில் 40 லைக். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவன் பதில் எதுவும் எழுதவில்லை. மறுநாள் பார்த்தால் நட்புப் பட்டியலிலிருந்து என்னை எடுத்திருந்தான்.

அவனுடைய தாத்தா திராவிடர் கழகத்துக்காரர். அவன் கல்யாணம் ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம். மேடையில் மாலை எடுத்துக் கொடுத்தவனே நான்தான். “மதச்சார்பற்ற அரசுக்கு உண்டியல் எண்ணுகிற வேலை எதற்கு?” என்பதுதான் அந்தப் பதிவில் அவன் கேட்ட கேள்வி. சுத்தமான நாத்திகனின் கேள்வி. இரண்டாவது பத்தியைத் தாண்டிப் படித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே பேச வருகிறவர்கள் முதலில் பழகிக்கொள்வது இந்த வசதியைத்தான். ஒரு சொல்லை எடுத்து ஆள் மேல் ஒட்டிவிட்டால் போதும், அவர் எழுதிய எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக முத்திரைச் சொற்களே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பொருந்துகிற இடத்தில் சொல்லாமல் நழுவுவதும் ஒரு ஏமாற்றுதான். ஆனால் முத்திரை என்பது தீர்ப்பு. விசாரணையை முடித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள் என்கிறேன். அந்த விசாரணையை எப்படி நடத்துவது என்று, அடிபட்டுத் தெரிந்துகொண்ட வரிசையில் சொல்கிறேன்.

படி 1: சொல் எந்த ரகம் என்று பாருங்கள்

அரசியல் முத்திரைகளில் மூன்று ரகம் உண்டு. முதல் ரகம், தாங்களே வைத்துக்கொண்ட பெயர். கம்யூனிஸ்ட், பெரியாரியர், அம்பேத்கரியர், தமிழ்த்தேசியர் எல்லாம் இதில் சேரும். இந்துத்துவமும் இதில்தான் வரும். 1923ல் சாவர்க்கர் விளக்கம் எழுதி நிலைநிறுத்திய சொல் அது, அதை ஏற்றுக்கொண்டவர்கள் மறைப்பதில்லை. இரண்டாவது, ஆய்வுச் சொல். பாசிசம், பேரினவாதம் போன்றவை. யாரும் தன் சட்டையில் குத்திக்கொள்வதில்லை, ஆனாலும் அவற்றுக்கு இன்னின்ன அடையாளங்கள் என்று ஓர் இலக்கணம் இருக்கிறது. மூன்றாவது, வசை. சங்கி (பாஜக பக்கம்), 200 ரூபாய் உபி (திமுக), தும்பி (நாம் தமிழர்), அடிமை (அதிமுக), அணில் (விஜய் பக்கம்). எந்தக் கட்சியையும் விட்டுவைக்கவில்லை. அந்த விஷயத்தில் தமிழ்நாட்டில் சமூகநீதிக்குக் குறைவே இல்லை.

சிக்கல் என்னவென்றால் ஒரே சொல் ரகம் மாறும். சங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1925ல் நாக்பூரில் தொடங்கிய ஆர்எஸ்எஸ், அதைச் சுற்றியுள்ள அமைப்புகள் எல்லாம் சேர்ந்தது சங் பரிவார். அந்தக் குடும்பத்து ஆள் சங்கி. அகராதிக்காரர் பார்த்தால் இதில் வசையே இல்லை. ஆனால் 2024 ஜனவரியில் ஓர் இசை வெளியீட்டு விழாவில் ரஜினிகாந்தின் மகள் ஐஸ்வர்யா “என் அப்பா சங்கி இல்லை” என்று மேடையில் சொல்ல, அது பெரிய பேச்சாகிவிட்டது. சில நாட்களில் ரஜினியே, சங்கி என்பது கெட்ட வார்த்தை என்று மகள் சொல்லவில்லை என்று விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. ஒரு சொல் கெட்ட வார்த்தையா இல்லையா என்று விளக்கம் தேவைப்படுகிற நிலைக்கு வந்துவிட்டால், விவாதத்தில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கேட்கிறவர் ஒன்றை நினைப்பார், நீங்கள் வேறொன்றைச் சொல்லியிருப்பீர்கள்.

நான் கையாளும் சோதனை எளிது. இந்தச் சொல்லை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னால் “ஆமாம், அதற்கென்ன?” என்பாரா, “எப்படிச் சொல்கிறாய்?” என்பாரா, சட்டைக் கையை மடிப்பாரா? முதலாவது என்றால் தாராளமாக எழுதலாம். இரண்டாவது என்றால் ஆதாரத்தோடு எழுத வேண்டும். மூன்றாவது என்றால் வேறு சொல் தேடுங்கள். ‘இந்துத்துவ ஆதரவாளர்’ என்றால் வாதம் நகரும். ‘சங்கி’ என்றால் அங்கேயே நிற்கும். ‘திமுக ஆதரவாளர்’, ‘200 ரூபாய்’ இரண்டுக்கும் இடையிலும் இதே தூரம்தான்.

படி 2: ஒரு கருத்தை வைத்து முழு ஆளை முடிவு செய்யாதீர்கள்

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். ‘இது அந்தக் கட்சியின் கோரிக்கை, இவன் அதைச் சொல்கிறான், ஆகவே இவன் அந்தக் கட்சி.’ கேட்கும்போது கணக்கு மாதிரி இருக்கும். கொஞ்சம் வரலாறு தெரிந்தால் உதிர்ந்துவிடும்.

மும்மொழிக் கொள்கையை ஆதரிப்பவரெல்லாம் பாஜக என்று எழுதுகிறார்கள். மும்மொழித் திட்டம் 1968ல் இந்திரா காந்தியின் காங்கிரஸ் அரசு கொண்டுவந்த தேசியக் கல்விக் கொள்கையிலேயே இருக்கிறது. அண்ணா ஆட்சி இருமொழிக் கொள்கைக்குத் தீர்மானம் போட்டதும் அதே 1968ல்தான். பாஜக என்ற கட்சி பிறந்தது 1980ல். அப்புறம், பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்ட வகுப்பினருக்கான 10 சதவீத இடஒதுக்கீடு. 2019ல் மோடி அரசு கொண்டுவந்த அந்த அரசியல் சட்டத் திருத்தத்தை மார்க்சிஸ்ட் கட்சி ஆதரித்தது, திமுக எதிர்த்தது. அதை ஆதரித்த ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சங்கி என்றால், சிவப்புக் கொடி பிடித்தவர்களையும் அதே வண்டியில் ஏற்ற வேண்டியிருக்கும். அவர்களும் ஏற மாட்டார்கள், வண்டிக்காரரும் ஏற்ற மாட்டார்.

இடதுசாரி, வலதுசாரி என்ற அளவுகோலும் இப்படித்தான். 1789ல் பிரெஞ்சு தேசிய சபையில் மன்னரின் அதிகாரத்தைக் காக்க நினைத்தவர்கள் தலைவருக்கு வலப்பக்கமும் எதிர்த்தவர்கள் இடப்பக்கமும் உட்கார்ந்ததில் பிறந்த அளவுகோல் அது. சாதி ஒழிப்பில் ஓரிடத்திலும் பொருளாதாரத்தில் வேறிடத்திலும் நிற்கிற ஒரு தமிழ்நாட்டுக்காரரை அந்த இரண்டு பெஞ்சில் எதில் உட்கார வைப்பீர்கள்? ‘லிபரல்’ என்று நீங்கள் நக்கலாக எழுதும் சொல், நீதிக்கட்சியின் அதிகாரபூர்வ ஆங்கிலப் பெயரிலேயே இருந்தது. நீதிக்கட்சி என்று நாம் அழைக்கும், 1916ல் தொடங்கிய தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்தின் ஆங்கிலப் பெயர் சவுத் இந்தியன் லிபரல் ஃபெடரேஷன்.

படி 3: பாசிசம் என்று எழுதினால் ‘ஏனென்றால்’ சேர்த்து எழுதுங்கள்

இந்தச் சொல்லுக்குத் தனியாக ஒரு படி ஒதுக்கியாக வேண்டும். தமிழ்நாட்டில் இது அவ்வளவு புழங்குகிறது. 2018ல் தூத்துக்குடி விமானத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவி “பாசிச பாஜக ஆட்சி ஒழிக” என்று கோஷமிட்டுக் கைதானார். அந்த வழக்கை 2023ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. 2024 அக்டோபரில் விக்கிரவாண்டி மாநாட்டில் விஜய், திமுகவைப் பார்த்து “அவங்க பாசிசம்னா நீங்க என்ன பாயாசமா?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. ஒரு சொல்லை மோனைக்குப் பயன்படுத்தலாம் என்ற நிலை வந்ததே, அது எவ்வளவு தேய்ந்துபோயிற்று என்பதற்கு அடையாளம்.

தேயாத நிலையில் அது என்னவாக இருந்தது? 1919 மார்ச்சில் மிலான் நகரில் முசோலினி கூட்டிய அமைப்பிலிருந்து வந்தது. ‘ஃபாஷோ’ என்றால் இத்தாலிய மொழியில் கட்டு. விறகுக்கட்டு மாதிரி, சேர்த்துக் கட்டியதை ஒடிக்க முடியாது என்ற பொருள். அதற்குப் பின் நடந்ததில் தெரிந்த அடையாளங்களைச் சொல்கிறேன். தெருவில் இறங்கி அடிக்கும் கருஞ்சட்டைப் படை (நம்மூர்க் கறுப்புச் சட்டையோடு குழப்ப வேண்டாம், அது வேறு கதை). தலைவன் தவறே செய்ய மாட்டான் என்ற வழிபாடு. இழந்துபோன பழம்பெருமையை மீட்போம் என்ற முழக்கம். தொழிற்சங்கங்களை உடைப்பது. கடைசியில் மற்றக் கட்சிகளையெல்லாம் தடை செய்வது. ஓர் அரசையோ இயக்கத்தையோ பாசிசம் என்று சொல்ல நினைத்தால், இவற்றில் எது, எங்கே, எந்தச் சம்பவத்தில் என்று உங்களால் காட்ட முடிய வேண்டும். காட்ட முடிந்தால் தயங்காமல் எழுதுங்கள். ஒன்று இருக்கிறது, நான்கு இல்லை என்றால் அந்த ஒன்றின் பெயரையே எழுதுங்கள். ‘தலைவர் வழிபாடு’ என்று எழுதினால் யாரும் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். கார்ட்டூன் போட்டவரைக் கைது செய்தால் அது கருத்துரிமை மீதான தாக்குதல். அந்தப் பெயரே கனமானதுதான்.

சொல் தேய்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள். 1928க்குப் பிறகு கம்யூனிஸ்ட் அகிலத்தின் (பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பு) கொள்கைப்படி, சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்களை ‘சமூக பாசிஸ்டுகள்’ என்று கம்யூனிஸ்டுகள் அழைத்தார்கள். அவர்களும் பதிலுக்குச் சும்மா இருக்கவில்லை. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகளுக்கு 196 இடம். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 121, கம்யூனிஸ்டுகளுக்கு 100. கூட்டிப் பாருங்கள், 221. ஆனால் கூட்டல் நடக்கவில்லை. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமர். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 1935ல்தான் அகிலம் அந்தக் கொள்கையைக் கைவிட்டது. ஹிட்லர் வந்ததற்கு ஒரு சொல் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிஜமான பாசிஸ்ட் வாசலில் நின்றபோது, அந்தப் பெயர் ஏற்கெனவே பக்கத்து வீட்டுக்காரனுக்குச் செலவாகியிருந்தது.

நம் நாட்டிலும் ஒரு காட்சி உண்டு. 1975ல் நெருக்கடி நிலையை எதிர்த்தவர்கள் இந்திரா காந்தியைப் பாசிஸ்ட் என்றார்கள். இந்திரா காந்தி தரப்பும் அவரை ஆதரித்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் ஜெயப்பிரகாஷ் நாராயணின் இயக்கத்தைப் பாசிசம் என்றார்கள். ஒரே வருடம், ஒரே சொல், எதிரெதிர்த் திசை. அந்தக் காலத்துத் துண்டறிக்கைகளை இன்று எடுத்துப் படித்தால், யார் எதைச் செய்தார்கள் என்று எழுதிய வரிகள்தான் நமக்கு உதவுகின்றன: பத்திரிகைத் தணிக்கை, விசாரணையின்றிச் சிறை, தள்ளிப்போன தேர்தல்.

படி 4: ஆளை விட்டு வரியைப் பிடியுங்கள்

என் ஒற்றை வரியையே வைத்துச் செய்து காட்டுகிறேன்.

எழுதியது: “கடைசியில் நீயும் சங்கிதானா?”

ஒரு திருத்தம்: “இது பாஜக கோரிக்கை ஆயிற்றே, நீ எப்படி ஆதரிக்கிறாய்?” வசை போய்விட்டது. ஆனாலும் கேள்வி இன்னும் அவனைப் பற்றித்தான் இருக்கிறது. கோயிலைப் பற்றி இல்லை.

இன்னொரு திருத்தம்: “எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று 1970ல் சட்டம் வந்ததும், 2021 ஆகஸ்டில் பயிற்சி முடித்த பல சாதி இளைஞர்களுக்கு நியமன ஆணை கிடைத்ததும் கோயில் அரசு நிர்வாகத்தில் இருந்ததால்தான். துறை விலகிவிட்டால் கருவறைக்குள் சாதி மறுபடி நுழையாது என்பதற்கு உன் ஏற்பாடு என்ன?”

இப்போது அவன் பதில் சொல்லியாக வேண்டும். 40 லைக் கிடைக்காது, 4 கிடைக்கலாம். எழுதவும் ஒரு நிமிடத்துக்குப் பதில் பதினைந்து நிமிடம் ஆகும், ஆண்டைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். கோபத்தில் பாதி அந்தத் தேடலிலேயே இறங்கிவிடும்.

பழக்கமாக இதைச் செய்யுங்கள்: எழுதி முடித்ததும் முத்திரைச் சொல்லை மட்டும் அழித்துவிட்டு மீதியைப் படியுங்கள். மீதியில் வாதம் இருந்தால் சொல்லைத் திரும்பப் போடலாம், போடாமலும் விடலாம். மீதியில் ஒன்றுமே இல்லை என்றால் முழுவதையும் அழித்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

படி 5: பெயர் வைத்தது யார் என்று கேளுங்கள்

1922ல் சென்னை சட்டசபையில் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் எம்.சி. ராஜா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்பது தீர்மானம். அடுத்தவர் வைத்த பெயரை எடுத்துவிட்டுத் தாங்கள் தேர்ந்த பெயரை வைத்தார்கள். பிறகு காந்தி ஹரிஜன் என்றார்; பலர் அதை ஏற்கவில்லை, இன்று அரசே அதைத் தவிர்க்கிறது. எதிர்த்தரப்பைப் பற்றி எழுதும்போது அவர்கள் தேர்ந்த பெயரிலேயே தொடங்குவது அவர்களை ஒப்புக்கொள்வது ஆகாது. விமர்சனத்தை அடுத்த வாக்கியத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மென்மையான சொல் எல்லாம் நடுநிலைச் சொல் என்று ஏமாற வேண்டாம். முன்பு பத்திரிகைகளில் ‘கௌரவக் கொலை’ என்றுதான் எழுதினார்கள். யாருடைய கௌரவம்? கொன்றவருடையது. சொல்லே கொலையாளியின் வக்கீலாக இருந்தது. இன்று ‘ஆணவக் கொலை’ என்று எழுதுகிறோம். அதில் தீர்ப்பு இருக்கிறது, கடுமையும் இருக்கிறது, அதுதான் நியாயமான சொல். செயலுக்குப் பொருந்துகிற கடும்சொல்லைக் கண்டு கூச்சப்படத் தேவையில்லை.

படி 6: குற்றச்சாட்டாக இருக்கும் சொற்களைத் தனியே எடுத்து வையுங்கள்

சில முத்திரைகள் கருத்து அல்ல, தகவல். ‘200 ரூபாய்’ என்றால் பணம் வாங்கிக்கொண்டு எழுதுகிறார் என்று அர்த்தம். ‘கைக்கூலி’யும் அதேதான். அமெரிக்காவில் வில்லியம் பக்லி என்ற பழமைவாதப் பத்திரிகை ஆசிரியர், தன்னைப் பாசிசத்தின் சகபயணி என்று எழுதியவர் மேல் அவதூறு வழக்குப் போட்டார். 1976ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இது: பாசிச முத்திரை கருத்து, அதற்குத் தண்டனை இல்லை, ஆனால் பக்லி இன்னாரைப் போல மற்றவர்களைப் பற்றிப் பொய்யாக எழுதினார் என்பது தகவல், அது தவறு, அதற்கு எழுதியவர் பொறுப்பு. நம் ஊர்ச் சட்டம் வேறு. ஆனாலும் அந்தப் பிரிப்பு எங்கும் உதவும். உங்கள் சொல்லுக்குள் ‘பணம் வாங்கினார்’, ‘வன்முறையைத் தூண்டினார்’ என்று ஒரு தகவல் ஒளிந்திருந்தால், சீட்டு கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தேசத்துரோகி இந்த வகையில் மிக மோசமானது. 1908ல் வ.உ.சி.க்கு ராஜதுரோக வழக்கில் 40 ஆண்டு தீவாந்தர தண்டனை: பேசியதற்கு 20, சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றதற்கு 20. மேல்முறையீட்டில் பின்னர் குறைந்தது. இன்று தூத்துக்குடி துறைமுகத்துக்கே அவர் பெயர். அவரைத் தண்டித்த 124ஏ பிரிவை, வன்முறையையோ பொது அமைதிக் குலைவையோ தூண்டினால் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1962ல் கேதார்நாத் சிங் வழக்கில் சுருக்கியது. 2022ல் நிறுத்தியும் வைத்தது. நீதிமன்றமே அவ்வளவு யோசிக்கிற சொல்லை நாம் கிரிக்கெட் தோல்விக்கும், சினிமா விமர்சனத்துக்கும் வீசுகிறோம்.

இலங்கைத் தமிழர்களிடம் ‘துரோகி’ என்ற சொல்லை விளையாட்டாகச் சொல்லிவிட முடியாது. 80களில் யாழ்ப்பாணத்தில் மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களின் உடலில் அந்தச் சொல் அட்டையில் தொங்கியது. ஒருகாலத்தில் இளைஞர்கள் ‘தளபதி’ என்று கொண்டாடிய தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கம், துரோகி என்று பெயர் மாறி, 1989 ஜூலையில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுபக்கம், 1979ன் பயங்கரவாதத் தடைச் சட்டம் கையில் இருந்த அரசுக்கு எந்தத் தமிழ் இளைஞனும் ‘புலி’தான். தமிழ்நாட்டில் கட்சி மாறியவரை நாம் துரோகி என்கிற அதே தொனியில், அங்கே இருக்கிற ஒருவரோடு பேசும்போது சொல்லிவிடாதீர்கள். எனக்கு ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இதைச் சொல்லித்தான் தெரியும். அவர் கோபப்படவில்லை, பேச்சை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

படி 7: உங்கள் மேல் ஒட்டினால்

“நான் அப்படி இல்லை” என்று நிரூபிக்க இறங்காதீர்கள். தாத்தா யார், எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டேன் என்று பட்டியல் போட ஆரம்பித்தால் பேச வந்த விஷயம் போயே போய்விடும். “எந்த வரியைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?” என்று ஒரு தடவை கேளுங்கள். வரியைக் காட்டினால் அதைப் பற்றிப் பேசலாம். காட்டாவிட்டால் அடுத்த வேலையைப் பார்க்கலாம். சில சமயம் சிரித்துக்கொண்டே சூட்டிக்கொள்வதும் நல்ல உத்தி. 2021 பிப்ரவரியில் மாநிலங்களவையில் மோடி ‘ஆந்தோலன் ஜீவி’ (போராட்டமே பிழைப்பானவர்) என்று நக்கலாகச் சொன்னபோது, போராட்டத்தில் இருந்த விவசாயிகள் பலர் ஆமாம், நாங்கள் போராட்ட ஜீவிகள்தான் என்றார்கள். இது எல்லாச் சொல்லுக்கும் ஒத்துவராது. சாதி வசைக்கு இந்த அறிவுரையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

தவறாக ஒட்டியது நீங்கள் என்றால், ஒட்டிய இடத்திலேயே எடுங்கள். சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போவதை நான் ஏற்பதில்லை. பார்த்த 40 பேருக்கும் அழித்தது தெரியாது. என் விஷயத்தில் அந்த இடமே மூடிக் கிடந்தது. என் பக்கத்தில் ஒரு பதிவு போட்டேன்: பெயர் குறிப்பிடாமல், படிக்காமல் முத்திரை குத்தினேன், தப்பு என்னுடையது என்று. அப்புறம் அவனுக்குப் போன் செய்தேன். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, “சரி விடுடா, அந்தக் கோயில் விஷயம் பேசணும்னு இருந்தேன்” என்று ஆரம்பித்தான். ஒன்றரை மணி நேரம் பேசினோம். அறநிலையத் துறை விஷயத்தில் அவன் சொல்வது இன்னமும் தப்பு என்றுதான் நினைக்கிறேன்.